ஏழைத் தாய்மாரின் இன்னுயிர் காத்த லூசி வில்ஸ் அம்மையார்

உணவே மருந்து, மருந்தே உணவு என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. அவ்வுண்மையை நம் நாட்டு ஏழைத் தாய்மாரிடையே பணியாற்றி, ஆராய்ச்சியால் மெய்ப்பித்துக் காட்டியவர் லூசி வில்ஸ் அம்மையார்.

இவரைப் பற்றி நான் அறிய நேர்ந்தது என் பாட்டியால்தான். ஸ்ரீரங்கத்தில் வாழும் என் பாட்டி, ரேஷன் அரிசியை முறத்தில் பரப்பி, நிறம் சற்று வேறுபட்ட மணிகளைப் பொறுக்கி எறிந்துவிடுவார். அது பிளாஸ்டிக் அரிசி என்பது அவர் எண்ணம். இரும்புச் சத்து, போலிக் அமிலம், பி12 வைட்டமின் ஆகியவற்றை அரிசி மாவுடன் சேர்த்துச் செய்த மணிகளே அவை என்று விளக்கினேன். வயதான தனக்கு அது நல்லதா என்று பாட்டி கேட்டார். விடை தேடப் புகுந்தபோது அம்மையாரின் வரலாறு கிடைத்தது.

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்றார். பெண்கள் அங்கே தேர்வு எழுதலாம். ஆனால் முழுமையான பட்டம் பெற முடியாத காலம் அது! அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. பின்னர் லண்டனில் மகளிர்க்கென அமைந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1920இல் மருத்துவரானார். பொருள் ஈட்டும் தொழிலாக மருத்துவத்தைக் கொள்ளாமல், ஆராய்ச்சியையே தம் வழியாகத் தேர்ந்தார்.

1928இல் அவர் பம்பாய் வந்தார். அங்கே கருவுற்ற ஏழைப் பெண்கள் பலர் கடுமையான இரத்தசோகையால் மாண்டுகொண்டிருந்தனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. அம்மையார் அப்பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று ஆராய்ந்தார். காய்கறியும் பழமும் புரதமும் குறைந்த உணவே அவர்களுக்குக் கிடைத்தது. ஏதோ ஒரு சத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என அவர் ஐயுற்றார்.

1929இல் நம் நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். எலிகளையும் குரங்குகளையும் கொண்டு சோதனைகள் நடத்தினார். நோயுற்ற குரங்கு ஒன்றுக்கு, ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான உணவுப் பொருளைக் கொடுத்தார். அது பிழைத்தது! அதே மார்மைட் நோயுற்ற தாய்மாரையும் குணமாக்கியது. 1931இல் இதனை உலகுக்கு அறிவித்தார். சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணியாற்றினார்.

மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் யாது? வில்ஸ் காரணி என்று அதனை அழைத்தனர். 1941இல் அமெரிக்க அறிஞர்கள் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இலை எனப் பொருள்படும் லத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழுவினர் 1945இல் அதனைச் செயற்கையாக உருவாக்கினர். அம்மையார் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் மறைந்தார். கருவுறும் முன்பே தாய்க்கு இச்சத்து கிடைத்தால் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைப் பெரிதும் தடுக்கலாம் என்பது 1991இல் உறுதியாயிற்று. அமெரிக்காவில் 1998 முதல் தானிய மாவுகளில் இதனைச் சேர்ப்பது கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் செறிவூட்டிய அரிசி 2020இல் சோதனைத் திட்டமாக நம் திருச்சி மாவட்டத்தில் வழங்கப்பட்டது.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். நூறு அரிசிக்கு ஒன்று என்ற அளவிலேயே இம்மணிகள் கலக்கப்படுகின்றன. இவ்வளவு நல்லதே. ஆனால் முதியோர்க்கு பி12 குறைவு இருக்கலாம். அவர்கள் போலிக் அமில மாத்திரையை மட்டும் மிகுதியாக உண்டால், இரத்தசோகை மறையும். நரம்புகளோ உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். அரிசியில் பி12உம் சேர்ப்பதன் நன்மை இதுவே. மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரே கூற வேண்டும். பெட்டியில் விற்கும் காலை உணவுத் தானியங்களிலும் இச்சத்துகள் உண்டு. ஆயினும் அவற்றுள் பலவற்றில் சர்க்கரையும் மிகுதி. அட்டையைப் படித்தே வாங்க வேண்டும்.

பாட்டி இப்போது மணிகளை எறிவதில்லை. ஆனால் முருங்கைக்கீரையையும் விடுவதில்லை! அம்மையார் இருந்திருந்தால் இரண்டையும் மெச்சியிருப்பார்.

அன்புத் தோழியரே, 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. அவ்வரிசையின் முதல் வயது நம் வயதே. தட்டில் கீரையை ஒதுக்கும்போது, அச்சத்துக்காகக் கடல் கடந்து வந்த ஒரு பெண்மணியை நினைப்போமாக!