டாக்டர் முத்துலட்சுமியும் உங்க வீட்டு ஓ.பி. சீட்டும்

ராஜபாளையமோ, ஸ்ரீவில்லிபுத்தூரோ... ஆரம்ப சுகாதார நிலையத்துல கொடுக்கிற ஓ.பி. சீட்டை வீட்டுக்கு வந்ததும் கசக்கிப் போடுற ஆளா நீங்க? அப்போ டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட கதையை அவசியம் படிங்க.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். மெட்ராஸ் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். இதெல்லாம் பாடப்புத்தகத்துலயே படிச்சிருப்பீங்க.

ஆனா, அவர் மனசுல ஆறாத காயம் ஒண்ணு இருந்தது. 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். டாக்டரா இருந்தும் காப்பாத்த முடியலை. அந்த வலியோட வருஷக்கணக்கா அலைஞ்சு, நிதி திரட்டி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போ அங்கே இருந்தது வெறும் 12 படுக்கைகள்!

1968-ல் அவர் மறைந்தார். 1981-ல் அதே மருத்துவமனையில் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு உருவானது. இப்போ அந்தக் கணக்கெடுப்பு தமிழ்நாடு முழுக்க விரிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரி, லேப், இறப்புப் பதிவுனு தேடித்தேடி, புதுசா யாருக்கு, எந்தப் புற்றுநோய்னு குறிச்சுக்கிறாங்க.

இதுல உங்க பங்கு என்ன தெரியுமா? மதுரையில வைத்தியம் பார்த்தாலும், நீங்க குடியிருக்கிற ஊர்க் கணக்குலதான் சேரணும். சொந்தக்காரங்க மதுரை முகவரியைக் கொடுத்தா, ராஜபாளையத்தோட கணக்கு குறைஞ்சிடும். எந்த ஊருக்கு என்ன தேவைனு தெரியாமலே போயிடும்.

அதனால, 30 வயசு தாண்டிய அம்மாவையோ அக்காவையோ பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. சரியான முகவரியைச் சொல்லுங்க. சீட்டைப் பத்திரமா வைங்க. முத்துலட்சுமியம்மா தொடங்கிவெச்ச வேலையில அதுவும் ஒரு பங்குதான்!