ஊரே தலையாட்டியபோது மறுத்த விவசாயி

1938 ஏப்ரல் 10. ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டு நான்கு வாரங்கள் ஆகியிருந்தன. அந்த இணைப்புக்குச் சம்மதமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. செயின்ட் ராடகுண்ட் என்ற சிற்றூரில் எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. ஊர் அதிகாரிகள் அதையும் மறைத்து, நூற்றுக்கு நூறு ஆதரவு என்று மேலிடத்துக்குக் கணக்குக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு வாக்கைப் போட்டவர் ஃபிரான்ட்ஸ் யேகர்ஸ்டெட்டர். மாடு வளர்த்து, வயலில் உழுது பிழைத்த கத்தோலிக்க விவசாயி. இரண்டாம் உலகப் போரைப் பள்ளியில் ஆண்டுகளாகவும் தளபதிகளின் பெயர்களாகவும் மனனம் செய்தே நான் படித்தேன். இந்த விவசாயியைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நம் வயதினருக்கு அவர் கதையில் யோசிக்க நிறைய இருக்கிறது.

அவர் பிறந்தது 1907 மே 20. பெற்றோர் இருவரும் பண்ணைக் கூலிகள். கல்யாணம் செய்துகொள்ளக்கூட வசதியில்லாத ஏழைகள். சிறுவனைப் பாட்டிதான் வளர்த்தார். தகப்பன் முதல் உலகப் போரில் இறந்துபோனார். 1917-இல் தாயார் ஒரு விவசாயியை மணந்தார். அவர் பையனைத் தத்தெடுத்துத் தம் குடும்பப் பெயரையும் கொடுத்தார்.

இளமையில் ஃபிரான்ட்ஸ் சாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரும்புச் சுரங்கத்தில் மூன்று ஆண்டுகள் வேலை செய்து, ஊருக்கே முதல் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தவர். திருமணத்துக்கு முன்பே அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். 1936-இல் பிரான்சிஸ்காவை மணந்த பிறகு அவருடைய இறைநம்பிக்கை ஆழமானது. அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள். பின்னாளில் ஊர்த் தேவாலயத்தில் கோயில் பணியாளராகவும் இருந்தார்.

1940-இல் இராணுவம் அவரை அழைத்தது. போனார், பயிற்சியும் பெற்றார். பண்ணையைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று ஊர்த் தலைவர் கேட்டுக்கொண்டதால் 1941 ஏப்ரலில் வீடு திரும்பினார். இதற்கிடையில், மனநோயாளிகளை நாஜி அரசு கொன்றுவரும் செய்தி அவர் காதுக்கு எட்டியது. அண்டை நாடுகளைப் பிடிப்பதற்கான இந்தப் போர் அநியாயமானது, இதில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்ற முடிவுக்கு வந்தார். இனி அழைப்பு வந்தால் போவதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

அவருக்கு ஆதரவாகப் பேச அநேகமாக யாருமே இல்லை. சொந்தத் தாயார் மனத்தை மாற்றிக்கொள்ளும்படி கெஞ்சினார். குருமார்கள் தயங்கினார்கள். லின்ஸ் நகர ஆயரிடமே போய்க் கேட்டார். போரின் நியாயத்தை எடைபோடுவது சாதாரணக் குடிமகனின் வேலையில்லை, குடும்பத்தைப் பார் என்பதே ஆயரின் அறிவுரை. முதலில் மன்றாடிய பிரான்சிஸ்கா, கணவர் எல்லாரிடமும் தனித்து நின்று வாதாடுவதைப் பார்த்து, தாமாவது அவர் பக்கம் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தார்.

1943 பிப்ரவரியில் மீண்டும் அழைப்பு வந்தது. மார்ச் 1-ஆம் தேதி முகாமுக்குப் போய், போரிட மாட்டேன் என்று நேருக்கு நேர் அறிவித்தார். சிறையில் அடைத்தார்கள். காயப்பட்டவர்களுக்குச் சேவை செய்யும் மருத்துவப் பிரிவில் சேரத் தயார் என்றார். அதை அதிகாரிகள் ஏற்கவில்லை. மே மாதம் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சிறைக்குரு ஒருவர், முந்தைய ஆண்டு இதே காரணத்துக்காக உயிரைக் கொடுத்த ஃபிரான்ட்ஸ் ரைனிஷ் என்ற குருவைப் பற்றிச் சொன்னார். தமக்கு முன்னும் ஒருவர் இந்தப் பாதையில் நடந்திருக்கிறார் என்பது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஜூலை 6-ஆம் தேதி இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அடுத்த வாரம் பிரான்சிஸ்கா பெர்லினுக்குப் போய்க் கணவரைக் கடைசியாகச் சந்தித்தார். 1943 ஆகஸ்டு 9-ஆம் தேதி பிராண்டன்பர்க் சிறையில் ஃபிரான்ட்ஸின் தலை துண்டிக்கப்பட்டது. அவருக்கு வயது 36. மூன்று சிறுமிகளில் மூத்தவளுக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை.

அதே ஆகஸ்டு மாதத்தில் நம் மக்கள் எங்கே இருந்தார்கள்? ஜெர்மனியின் கூட்டாளியான ஜப்பான் மலாயாவை ஆண்டுகொண்டிருந்தது. ஜொகூர் உட்பட நாடு முழுவதும் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். நம் தோட்டத்து மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஒரு கையெழுத்தில் உயிர் பிழைத்திருக்கக்கூடிய ஒருவர் அதே போரில் மறுத்துச் செத்தார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவர் முடிவின் கனம் எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு சர்வாதிகாரியும் நம்பியிருப்பது, சாதாரண மனிதர்கள் போடும் கையெழுத்தைத்தான்.

தோழர்களிடம் இந்தக் கதையைச் சொன்னபோது பெரிய விவாதமே நடந்தது. பெற்ற பிள்ளைகளைத் தவிக்கவிட்டது சரியா என்று ஒரு தோழி கேட்டாள். அவருடைய மறுப்பால் போர் ஒரு நாளாவது முன்னதாக முடிந்ததா என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்விகள். போர் நிற்கவில்லை. தியாகத்தின் விலையைப் பிரான்சிஸ்காவும் சேர்ந்துதான் கொடுத்தார். ஊர்க்காரர்கள் பலர் பழியை அவர் மீதே போட்டார்கள். போரில் இறந்தவர்களின் மனைவியருக்குக் கிடைத்த உதவித்தொகை அவருக்கு 1950 வரை மறுக்கப்பட்டது. நிலத்தை உழுது, மூன்று பெண்களையும் அவரே ஆளாக்கினார்.

ஆனால் அன்று போருக்குப் போனவர்களின் பிள்ளைகளும் தகப்பனை இழந்தார்கள். போகாமல் இருந்தவரிடம் மட்டும் குடும்பத்தை மறந்தாயே என்று கேட்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை. தம் மகள்களைப் போன்ற பிள்ளைகள் அடுத்த நாட்டிலும் இருக்கிறார்கள் என்பதை அவர் மறக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

1960-களில் கோர்டன் ஸான் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அவரைப் பற்றி எழுதிய நூலால்தான் உலகம் அவரை அறிந்தது. 1997-இல் பெர்லின் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 2007-இல் லின்ஸ் பேராலயத்தில் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு முக்திப்பேறு பெற்றவர் என்ற நிலையை அளித்தது. அன்று ஆயர் ஒருவர் தடுக்கப் பார்த்த அதே மறைமாவட்டத்தில் இந்த விழா நடந்தது. 94 வயதுப் பிரான்சிஸ்கா அதைக் கண்ணாரக் கண்டார். 2013-இல் நூறு வயது நிரம்பிய சில நாள்களில் காலமானார்.

நம்மை யாரும் தூக்குமேடைக்கு அனுப்பப் போவதில்லை. ஆனால் வகுப்பில் ஒருவனை எல்லாரும் சேர்ந்து கேலி செய்யும்போது, புலனக் குழுவில் ஓர் இனத்தைப் பழிக்கும் பொய்ச்செய்தி வரும்போது, நாமும் சிரித்துவிட்டோ பகிர்ந்துவிட்டோ போகலாம். மறுப்பவர் ஒருவர் மட்டுமே என்றால் அந்த மறுப்பைக் கணக்கில்கூடச் சேர்க்க மாட்டார்கள். செயின்ட் ராடகுண்ட் ஊரிலும் சேர்க்கவில்லை. ஆனால் அன்று நூற்றுக்கு நூறு என்று எழுதிய அதிகாரிகளின் பெயர்கள் இன்று யாருக்கும் நினைவில்லை.