நம்ம நெல்லை மண் தந்த கானகக் கலைஞர் மா. கிருஷ்ணன்



ஆண்டு மலர் என்றால் தலைவர்கள் வரலாறு, விஞ்ஞானிகள் வரலாறு கட்டாயம் இருக்கும். நான் இங்கே எழுதப் போவது ஒரு போட்டோக்காரரைப் பற்றி. ஏன் இவரைப் பற்றி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் நான் ஒரு ஸ்டுடியோவில் லைட் பிடிக்கப் போகிறேன். அதில் சேர்ந்த காசில் பழைய கேமரா பாடி ஒன்று வாங்கிவிட்டேன். லென்ஸ் இல்லை. கையில் மிச்சம் இருக்கிற காசுக்கு செகண்ட் ஹேண்டில் ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். 18-55 ஜூம் வாங்கு, நின்ன இடத்துலயே எல்லாம் எடுக்கலாம் என்கிறது ஒரு கட்சி. 50 பிரைம் வாங்கு, அப்பதான் தொழில் படியும் என்கிறது இன்னொரு கட்சி. இந்த யோசனையிலேயே மூன்று மாதம் ஓடிப்போச்சு. அப்போது நூலகத்தில் கண்ணில் பட்டவர்தான் மா. கிருஷ்ணன்.

பிறப்பும் வளர்ப்பும்

கிருஷ்ணன் பிறந்தது 1912-ஆம் ஆண்டு ஜூன் 30, திருநெல்வேலியில். நம்ம சிவகிரியும் 2019-ல் தென்காசி மாவட்டம் பிரியும்வரை நெல்லைச் சீமைதானே! அவர் தந்தை அ. மாதவையா, தமிழின் ஆரம்ப கால நாவல்களில் ஒன்றான பத்மாவதி சரித்திரத்தை எழுதியவர். எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன் கடைக்குட்டி. 1925-ல், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் பேசிய அன்றே, அங்கேயே மாதவையாவின் உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

குடும்பம் வாழ்ந்தது சென்னை மயிலாப்பூரில். இன்றைய மயிலாப்பூரை நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் புதர்க்காடு. நரியும் மானும் பறவைகளும் திரிந்த இடம். சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது தாவரவியல் பேராசிரியர் ஃபைசனோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி பார்க்கப் போனார். ஃபைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றுக்கொண்டார். 1931-ல் பி.ஏ., அப்புறம் எம்.ஏ., 1936-ல் சட்டப் படிப்பு.

இவ்வளவு படித்தும் வேலை சுலபத்தில் கிடைக்கவில்லை. பரீட்சையில் அவர் பெரிய புலி இல்லை. அச்சகம், வானொலி என்று சில இடங்களில் வேலை பார்த்தார். 1942-ல் பெல்லாரி பக்கத்தில் இருந்த சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று பல வேஷம் கட்டினார். அதோடு ஆடு வளர்த்தார், புறா வளர்த்தார், காடு சுற்றினார். 1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது அரசாங்க வேலை தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சென்னைக்குத் திரும்பிவிட்டார். இனிமேல் எழுத்தும் படமும்தான் சோறு போட வேண்டும் என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 37.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கவர்மெண்டு வேலையை வேண்டாம் என்ற வரியைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவருக்கு என்ன, வசதியான வீடு என்று நினைத்தேன். மேலே படித்த பிறகுதான், அந்த முடிவுக்காக அவர் எத்தனை வசதிகளை விட்டுக்கொடுத்தார் என்று புரிந்தது.

ஒட்டுப்போட்ட கேமரா

அவருடைய கேமராவைப் பாருங்கள்! பாடி ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறு கம்பெனி. மற்ற சாமான்களெல்லாம் அங்கங்கே கிடைத்தவை. எல்லாவற்றையும் தன் கையாலேயே பொருத்தி ஒரு கனமான கருவியாக ஆக்கிக்கொண்டார். அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். இந்திய வனவிலங்குகள் பற்றி எழுதிய இ. பி. கீ என்ற இயற்கையாளர் இந்தக் கருவியைப் பார்த்து அசந்து போனார். ஷூ லேஸ் போட்டுக் கட்டியிருந்ததைப் பார்த்ததாகச் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் எங்கேயோ கம்பியாவது இருந்திருக்கும் என்கிற மாதிரி கேலியாக எழுதினார். நண்பர்களே, ஒர்க்ஷாப்பில் ஃபைலும் கையுமாக நிற்கிற நாம் இதைக் கேட்டு மீசையை முறுக்கிக்கொள்ளலாம்!

1959-ல் ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ் விற்பனைக்கு வந்தது. வாய்க்லேண்டர் ஜூமார் என்று பெயர், 36-லிருந்து 82 மில்லிமீட்டர் வரை போகும். அதே 1959-லிருந்து 1970 வரை இந்தியாவின் பாலூட்டி விலங்குகளைக் காடுகாடாகப் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்தார் கிருஷ்ணன். முதுமலையில் வளர்ப்பு யானை மேல் ஏறியும் போவார், நடந்தும் போவார். அவருடைய படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. இரை கட்டிப்போட்டு மிருகத்தை வரவழைத்துப் படம் எடுப்பது அவருக்குப் பிடிக்காது. மிருகம் தன் பாட்டில் வாழ்வதைத்தான் படமாக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இரண்டு லென்ஸும் ஒரு கணக்கும்

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். பிரைம் லென்ஸில் குவியதூரம் மாறாது. பெரிதாக வேண்டுமானால் நீதான் முன்னே போக வேண்டும். ஜூம் லென்ஸுக்குள் கண்ணாடித் தொகுதிகள் முன்னும் பின்னும் நகர்ந்து குவியதூரத்தை மாற்றும். சாதாரண 50 பிரைமில் ஆறு கண்ணாடிகள் இருக்கும். 18-55 ஜூமில் அதைவிட அதிகம் இருக்கும். விலை குறைந்த ஜூம்களை 55-ல் வைத்தால் அப்பர்ச்சர் 5.6-க்கு மேல் திறக்காது. 50 பிரைம் 1.8 வரை திறக்கும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் போட்டால் ஏறக்குறைய 9.7 வரும். அதாவது பிரைமில் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஜூமில் 8-ல் ஒரு பங்கு நொடி திறக்க வேண்டிய இடத்தில் பிரைமுக்கு 80-ல் ஒரு பங்கு நொடி போதும்.

ஜூமுக்கும் நியாயம் உண்டு. தாலி கட்டுகிற நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியுமா? மேடையைச் சுற்றி சொந்தக்காரர் கூட்டம், ஒரு அடி நகர இடம் கிடையாது. அங்கே ஜூம்தான் ராஜா. அதனால் ஸ்டுடியோக்காரர்களைக் குறை சொல்லக் கூடாது.

தோப்பில் நடந்தது

எங்க அப்பா மலையடிவாரத்தில் தென்னந்தோப்புக் காவலுக்குப் போகிறவர். யானை இறங்குகிற மாதங்களில் ராத்திரி தூக்கம் கிடையாது. போன வருஷம் ஒரு நாள் ஸ்டுடியோவில் கேட்டு 70-300 ஜூம் வாங்கிக்கொண்டு நானும் போனேன். பொழுது மசங்குகிற நேரம், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு யானை. மோட்டார் ரூம் பக்கத்தில் நின்றபடியே ஜூமை 300 வரைக்கும் திருகி இருபது படம் எடுத்தேன். 300-ல் கையில் பிடித்து எடுக்க 300-ல் ஒரு பங்கு நொடியாவது வேண்டும். எனக்குக் கிடைத்தது 15-ல் ஒரு பங்கு. இருபதும் கலங்கல்.

அது கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா விவரம் சொன்னார். அது பெட்டையாம். பின்னால் புதருக்குள் குட்டி நின்றதாம். குட்டி தண்ணீர் குடித்து முடிக்கும்வரை தாய் நம்ம பக்கம் காதை விரித்துக்கொண்டு நின்றதாம். அப்பா கையில் இருந்தது டார்ச் லைட்டு மட்டும்தான். முந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் வழியாகப் பார்த்த நான் குட்டியையே பார்க்கவில்லை! யானையை லென்ஸ் கிட்டே கொண்டு வந்தது, நான் கிட்டே போகவே இல்லை.

50 லென்ஸ் இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? யானை கடுகு மாதிரி தெரிந்திருக்கும். கிட்டே போய் எடுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம், உயிர் போய்விடும். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதும் குற்றம். ஆனால் லென்ஸ் மாறாது என்று தெரிந்தால் கண் வேலை செய்ய ஆரம்பிக்கும். எங்கே நிற்பது, எப்போது வரும், காற்று எந்தப் பக்கம் என்று யோசிக்க வைக்கும். கிருஷ்ணனுடைய படங்களில் நான் பார்த்தது அந்த யோசனையைத்தான். அப்பாவிடம் இருப்பதும் அதேதான், கேமரா மட்டும் இல்லை.

புகழும் முடிவும்

கிருஷ்ணன் 1950-ல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி ஒரு பத்தி தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 46 வருஷம் எழுதினார். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலாகத் தொகுத்தார். 1968-ல் நேரு நினைவு ஆய்வுக்கொடை கிடைத்தது, பத்மஸ்ரீயும் வந்தது, 1995-ல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் குளோபல் 500 பட்டியலில் இடம். இந்திய வனவிலங்கு வாரியத்திலும் இருந்தார். வெளிநாட்டு அலங்கார மரங்களை நடாதீர்கள், நம்ம மண்ணின் மரத்தை நடுங்கள் என்று கடைசிவரை வாதாடினார். 1996 பிப்ரவரி 18-ல் காலமானார். அவருடைய கடைசிப் பத்தி வெளியானதும் அதே நாளில்தான்.

நிறைவாக

நண்பர்களே, நான் 50 பிரைம் வாங்கிவிட்டேன். கல்யாண வேலைக்கு ஸ்டுடியோ ஜூம் இருக்கிறது, கூலி அதில் வரும். இது என் கண்ணுக்கு. முதல் படமாக அப்பாவை எடுத்தேன். முழு உருவமும் வர வேண்டும் என்று தோப்பில் பின்னாலேயே நடந்து வரப்பில் தடுக்கி விழுந்தேன், அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் படத்தில் இருக்கிறது. காவலுக்குப் போகிற மனுஷன் சிரித்து எடுத்த ஒரே படம் எங்க வீட்டில் இதுதான்.

கையில் இருக்கிற கருவி சிறியதே என்று கலங்காதீர்கள். ஒட்டுப்போட்ட கேமராவை வைத்துக்கொண்டு ஒருவர் இந்தியக் காட்டையே நமக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நாம் நம்ம ஊரையாவது ஒழுங்காகப் பார்ப்போம்!

— இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு
சிவகிரி