பத்து அடிக் காரில் உலகைக் கவர்ந்தவர்

திட்டக்குடி கடைத்தெருவில் சிறிது நேரம் நின்று பாருங்கள். தொழுதூர் பக்கம் இருந்தும் விருத்தாசலம் பக்கம் இருந்தும் சின்னஞ்சிறு கார்கள் வந்து கொண்டே இருக்கும். முன்னால் அப்பாவும் அம்மாவும். பின்னால் பாட்டியும் பிள்ளைகளும். பின்கதவைத் தூக்கினால் அங்கே ஓர் அரிசி மூட்டை!

இதே அளவுக் காரில் வேகமான என்ஜினையும் நல்ல பிரேக்கையும் வைத்து விற்கிறார்கள். வாரம் முழுவதும் அது வீட்டு வேலைக்கு உழைக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பந்தயச் சாலையில் பாயும். இப்படிப்பட்ட காருக்கு ஆங்கிலத்தில் ஹாட் ஹாட்ச் என்று பெயர். சூடான பின்கதவுக் கார் என்று அர்த்தம். வேடிக்கையான பெயர்தான்.

சின்னக் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்தால் என்ஜின் குறுக்கே படுத்து இருப்பது தெரியும். காரை இழுப்பவை முன்சக்கரங்கள். இந்த அமைப்பை உலகம் முழுவதும் பரவச் செய்தவர் ஒருவர் இருந்தார். கணக்குப் பரீட்சையில் மூன்று முறை தோற்றவர். தாம் செய்த காரைப் பந்தயத்தில் ஓட்டலாம் என்று நண்பர் சொன்னபோது, வேண்டாம் என்று மறுத்தவரும் அவரேதான்!

அவர் பெயர் அலெக் இசிகோனிஸ்.

கப்பல் ஏறிய குடும்பம்

இசிகோனிஸ் 1906-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி ஸ்மிர்னா நகரில் பிறந்தார். அது துருக்கியில் உள்ள துறைமுகப் பட்டினம். இப்போது இஸ்மிர் என்று அழைக்கிறார்கள். தந்தை கிரேக்கர், பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். கப்பல் என்ஜின் சம்பந்தமான தொழிற்சாலை வைத்து இருந்தார். தாயார் ஹுல்டா ஜெர்மன் நாட்டுப் பெண். வசதியான குடும்பம்.

1922-ல் துருக்கியருக்கும் கிரேக்கருக்கும் நடந்த போர் ஸ்மிர்னாவின் வாசலுக்கே வந்து விட்டது. ஊர் தீப்பற்றி எரிந்தது. பிரிட்டிஷ் குடிமக்களை ஆங்கிலக் கப்பல்கள் ஏற்றிக் கொண்டு போய் மால்டா தீவில் இறக்கின. இசிகோனிஸ் குடும்பமும் அதில் ஒன்று. வீடு போயிற்று. தொழிற்சாலை போயிற்று. தந்தையும் சில காலத்தில் இறந்து போனார்.

பதினாறு வயதுப் பிள்ளையும் தாயாரும் 1923-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். லண்டனில் பாட்டர்சீ தொழில் நுட்பப் பள்ளியில் என்ஜினீயரிங் படித்தார் இசிகோனிஸ். படம் வரைவதில் முதல் தரம். கணக்கில் மட்டும் மூன்று முறையும் தோல்வி! வெறும் கணக்கு, புதிதாகப் படைக்கும் மனிதனுக்கு எதிரி என்று பிற்காலத்தில் அவர் கேலியாகச் சொல்வது உண்டு. இதைப் படிக்கும் பள்ளிப் பிள்ளைகள் இதைச் சாக்காக எடுத்துக் கொள்ள வேண்டாம். அவருடைய படங்களைக் காராக மாற்றக் கணக்குத் தெரிந்த பலர் பக்கத்திலேயே இருந்தார்கள்.

கையால் செய்த பந்தயக் கார்

இளம் வயதில் இசிகோனிஸுக்குக் கார்ப் பந்தயம் என்றால் உயிர். அவரிடம் ஆஸ்டின் செவன் என்ற சின்னக் கார் இருந்தது. அதைக் கொண்டு மலைப் பாதையில் ஏறும் போட்டிகளில் கலந்து கொண்டார்.

பெரிய என்ஜின் வாங்கப் பணம் இல்லை. வேகம் மட்டும் வேண்டும். என்ன செய்வது? காரின் எடையைக் குறைத்தால் சின்ன என்ஜினே போதுமே என்று அவருக்குத் தோன்றியது.

ஜார்ஜ் டவுசன் என்ற நண்பரும் அவரும் சேர்ந்து ஒரு பந்தயக் காரைச் செய்யத் தொடங்கினார்கள். மின்சாரக் கருவி எதுவும் கிடையாது. ரம்பம், உளி, அரம்! ஒட்டுப் பலகையையும் அலுமினியத் தகட்டையும் சேர்த்துப் பக்கச் சுவர் செய்தார்கள். சட்டம் தனி, உடல் தனி என்று இல்லாமல் உடலே சட்டமாக நின்றது. இரும்பு வில்லுக்குப் பதில் ரப்பர். ஏறக்குறைய ஐந்து ஆண்டு இந்த வேலை நடந்தது. 1938-ல் கார் தயார். லைட்வெயிட் ஸ்பெஷல் என்று பெயர் வைத்தார்கள். இலேசான கார் என்று பொருள். தன்னைவிடப் பெரிய கார்களோடு அது போட்டி போட்டது.

எடை குறைவு, ரப்பர், சின்ன என்ஜின். இந்த மூன்றையும் அவர் மறக்கவே இல்லை.

இதற்கு இடையே 1936-ல் மாரிஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து இருந்தார். அங்கே அவர் உருவாக்கிய மாரிஸ் மைனர் கார் 1948-ல் வெளி வந்தது. கம்பெனி முதலாளி நபீல்டு பிரபுவுக்கு அது பிடிக்கவே இல்லை. ஓடு நீக்கி வேக வைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். ஜனங்களுக்குப் பிடித்து இருந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் ஆங்கிலக் கார் அதுதான். நம் நாட்டிலும் பேபி இந்துஸ்தான் என்ற பெயரில் ஓடியது அதே மாரிஸ் மைனர்தான். வயதான டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெட்ரோல் பஞ்சம்

1956-ல் சூயஸ் கால்வாய்ச் சண்டை மூண்டது. எண்ணெய்க் கப்பல்கள் வரவில்லை. இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வைத்தார்கள். ஜனங்கள் ஜெர்மனியில் இருந்து வந்த முட்டை வடிவக் குட்டிக் கார்களை வாங்கத் தொடங்கினார்கள்.

பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தலைவர் லெனார்டு லார்டுக்குக் கோபம் வந்து விட்டது. 1957-ல் இசிகோனிஸைக் கூப்பிட்டு, உண்மையான சின்னக் கார் ஒன்று செய்யும்படி உத்தரவு போட்டார். ஒரே ஒரு நிபந்தனை. புது என்ஜின் கிடையாது. கம்பெனியில் இருக்கும் என்ஜினையே பயன்படுத்த வேண்டும்.

இசிகோனிஸ் தமக்குத் தாமே இன்னும் ஒரு நிபந்தனை போட்டுக் கொண்டார். காரின் நீளம் பத்து அடி. அதற்குள் நான்கு பேர் வசதியாக உட்கார வேண்டும். சாமானும் வைக்க வேண்டும்.

பத்து அடியில் என்ஜினுக்கே நான்கு அடி போய் விட்டால் மனிதர்கள் எங்கே உட்காருவது? என்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார் இசிகோனிஸ். கியர்ப் பெட்டியைப் பக்கத்தில் வைக்க இடம் இல்லை. அதை என்ஜினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். ஒரே எண்ணெய் இரண்டுக்கும்! முன்சக்கரங்கள் இழுப்பதால், காரின் நடுவே பின்சக்கரத்துக்குப் போகும் நீண்ட தண்டும் தேவைப்படவில்லை. சக்கரத்தின் குறுக்களவு பத்தே அங்குலம். அதைத் தனியாகச் செய்து வாங்கினார்கள். இரும்பு வில்லுக்குப் பதில், நண்பர் அலெக்ஸ் மோல்டன் செய்து கொடுத்த ரப்பர்க் கூம்பு. பழைய லைட்வெயிட் ஸ்பெஷல் நினைவுக்கு வருகிறது அல்லவா?

சக்கரங்கள் நான்கும் நான்கு மூலையில் நின்றன. கார் குள்ளம், எடையும் குறைவு. ஆகவே வளைவில் திரும்பும்போது சாயவில்லை. தண்டவாளத்தில் ரெயில் போவது போல் போயிற்று. இடத்தை மிச்சப்படுத்தச் செய்த வேலை, ஓட்டுவதற்கும் சுகமாக அமைந்து விட்டது!

1959-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி மினி கார் விற்பனைக்கு வந்தது. விலை வரியோடு சேர்த்து 496 இங்கிலாந்துப் பவுன் சொச்சம். அன்றைய நம் பணத்தில் சுமார் 6,600 ரூபாய். என்ஜின் 848 சி.சி. 34 குதிரைச் சக்தி. மணிக்கு 72 மைல் வேகம்.

குறையே இல்லாத கார் என்று நினைத்து விடாதீர்கள். முதல் கார்களில் அடித்தகட்டை மாற்றிப் பொருத்தி விட்டதால், மழை பெய்தால் தரை விரிப்பு நனைந்து போகும். என்ஜினுக்குத் தீப்பொறி தரும் பகுதி முன்பக்கம் இருந்ததால் அங்கும் மழைத் தண்ணீர் அடிக்கும். கார் நின்று விடும். போட்டிக் கம்பெனி ஒன்று ஒரு மினியை வாங்கித் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பார்த்துக் கணக்குப் போட்டதாம். ஒவ்வொரு காருக்கும் சுமார் 30 பவுன் நஷ்டம் என்று கணக்கு வந்ததாம்!

நண்பரின் ஆசை

இசிகோனிஸின் நண்பர் ஜான் கூப்பர். பந்தயக் கார் செய்பவர். மோட்டார் சைக்கிள் என்ஜினை எடுத்து, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, குறைந்த செலவில் பந்தயக் கார் செய்து பெயர் வாங்கியவர். அவருடைய கார்கள் 1959-லும் 1960-லும் பார்முலா ஒன் பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்றன.

கூப்பர் மினியை ஓட்டிப் பார்த்தார். அசந்து போனார். கொஞ்சம் சக்தி கூட்டி, நல்ல பிரேக் போட்டால் இதைப் பந்தயத்தில் ஓட்டலாமே என்றார்.

இசிகோனிஸ் ஒப்புக் கொள்ளவில்லை. இது சாதாரண மனிதனுக்குச் செய்த கார். மளிகை வாங்கவும் பள்ளிக்கூடம் போகவும் செய்த கார். இதைப் பந்தயத்துக்குக் கொண்டு போவதாவது என்பது அவர் எண்ணம். காரில் ரேடியோ வைப்பதைக்கூட விரும்பாதவர் அவர். இளமையில் ஆஸ்டின் செவனில் மலை ஏறியதை மறந்து விட்டாரோ என்னவோ!

கூப்பர் விடவில்லை. நேரே கம்பெனித் தலைவர் ஜார்ஜ் ஹாரிமனிடம் போனார். பந்தய விதிப்படி ஆயிரம் கார்களாவது செய்து விற்றால்தான் அந்தக் காரைப் போட்டியில் சேர்ப்பார்கள். ஆயிரம் கார் விற்குமா என்று ஹாரிமனுக்குச் சந்தேகம். இருந்தாலும் சரி என்று விட்டார். கார் ஒன்றுக்கு இரண்டு பவுன் கூப்பருக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு.

1961-ல் மினி கூப்பர் பிறந்தது. என்ஜின் 997 சி.சி. இரட்டைக் கார்புரேட்டர். 55 குதிரைச் சக்தி. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். வேகத்தைக் கூட்டுவதற்கு முன் நிறுத்துவதற்கு வழி செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று இப்படிக் கார் வாங்குகிறவர்களில் சிலர் குதிரைச் சக்தியை மட்டும் கேட்டு விட்டு, பிரேக்கையும் டயரையும் பார்க்க மறந்து விடுகிறார்கள்.

வாங்கியவர்கள் யார்? வாலிபர்கள் மட்டும் அல்ல. குமாஸ்தா வாங்கினார், டாக்டர் வாங்கினார், சினிமா நட்சத்திரமும் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை பந்தயச் சாலைக்குத் தம் காரையே ஓட்டிப் போவார்கள். விளக்குக் கண்ணாடிக்கு மேல் காகிதப் பட்டை ஒட்டுவார்கள். கதவில் நம்பர் எழுதுவார்கள். பந்தயம் முடிந்ததும் நம்பரைத் துடைத்து விட்டு அதே காரில் வீடு திரும்புவார்கள். திங்கட்கிழமை காலை அது மறுபடி ஆபீஸ் வாசலில் நிற்கும்!

ஆயிரம் விற்குமா என்று சந்தேகப்பட்ட கார் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது.

பனியில் ஓடிய எலி

பிரான்ஸ் நாட்டு மலைகளில் பனிக் காலத்தில் நடப்பது மான்டி கார்லோ பந்தயம். 1964-ல் அயர்லாந்துக்காரரான பாடி ஹாப்கர்க், ருஷ்யப் பக்கம் மின்ஸ்க் நகரில் இருந்து ஒரு சிவப்பு மினி கூப்பரில் புறப்பட்டார். அவரோடு போட்டி போட்டவற்றில் ஒன்று போர்டு பால்கன். அதன் என்ஜின் மினி என்ஜினைப் போல் நான்கு மடங்கு பெரியது. நேர் சாலையில் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் வளைந்து வளைந்து போகும் மலைப் பாதையில், பனியில், எலி மாதிரி ஓடியது மினி. பெரிய காருக்குச் சிறிய கார் சலுகை பெறும் விதியும் இருந்தது. முதல் பரிசு ஹாப்கர்க்குக்கு!

1965-லும் மினிக்கே வெற்றி. 1966-ல் முதல் மூன்று இடமும் மினிகளுக்கு. ஆனால் முன்விளக்கு விதிப்படி இல்லை என்று சொல்லி மூன்றையும் தள்ளி விட்டார்கள். பிரெஞ்சுக் கார் ஒன்றுக்குப் பரிசு போயிற்று. இங்கிலாந்தே கொதித்தது. 1967-ல் மினி மறுபடியும் வந்து வென்று பழி தீர்த்தது.

வேண்டாம் என்று சொன்ன இசிகோனிஸுக்கு இந்த வெற்றிகளால் உலகப் புகழ் கிடைத்தது. 1969-ல் சர் பட்டமும் வந்தது.

ஆனால் கம்பெனியில் அவர் செல்வாக்குத் தேய்ந்து கொண்டு இருந்தது. 1968-ல் கம்பெனி வேறு கம்பெனியோடு சேர்ந்தது. புது நிர்வாகிகள் வந்தார்கள். அவரை ஓரமாக ஒதுக்கி வைத்தார்கள். கூப்பரோடு இருந்த ஒப்பந்தமும் 1971-ல் முடிந்தது.

சோழவரத்தில் ஒரு சோதனை

மினிக்குப் பின்கதவு கிடையாது. சிறிய சாமான் அறை மூடிதான். பின்கதவையும் வேகத்தையும் சேர்த்து உலகம் எங்கும் பரப்பியது ஜெர்மன் கம்பெனி ஒன்று. 1976-ல் விற்பனைக்கு வந்த கோல்ப் ஜி.டி.ஐ. என்ற அந்தக் காரில் 110 குதிரைச் சக்தி இருந்தது.

நம் நாட்டுக்கு இந்த அமைப்பு 1983 டிசம்பரில் மாருதி 800 உருவில் வந்தது. குறுக்கே வைத்த 796 சி.சி. என்ஜின், பின்கதவு. மத்திய தரக் குடும்பங்கள் முன்பணம் கட்டி விட்டுக் காத்துக் கிடந்தன.

சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. அந்த ஓடுபாதையில்தான் பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. கோவை லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த கரிவர்தன் அங்கே பெயர் பெற்ற வீரர். வெளிநாட்டுப் பந்தயக் காரை வரவழைப்பது எல்லோராலும் முடியாது என்பதைக் கண்ட அவர், மாருதி என்ஜினை எடுத்து ஒற்றை ஆள் பந்தயக் காரில் வைத்தார். மோட்டார் சைக்கிள் என்ஜினைக் கொண்டு கூப்பர் செய்த அதே வேலை! பார்முலா மாருதி என்ற அந்தக் காரில் ஓட்டிய பையன்களில் ஒருவர் கோவை நரேன் கார்த்திகேயன். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்து விட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் அமைந்த பந்தயச் சாலைக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

கேட்டு வாங்கிய பரிசு

இசிகோனிஸ் 1971-ல் ஓய்வு பெற்றார். கலியாணம் செய்து கொள்ளவில்லை. ஸ்மிர்னாவில் இருந்து தம்மோடு கப்பல் ஏறிய தாயாரைக் கடைசி வரை தம் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றினார்.

பிரிவு உபசாரத்தில் என்ன பரிசு வேண்டும் என்று கம்பெனியார் கேட்டார்கள். தங்கக் கடிகாரம் கேட்பார் என்று நினைத்து இருப்பார்கள். அவர் கேட்டது மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டி. இரும்புப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு குழந்தைகள் பொம்மை வண்டி செய்யும் பெட்டி. அதிலேயே பெரிய பெட்டியாகப் பார்த்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டு போனார். 1988-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி பர்மிங்காமில் காலமாகும்போது அவருக்கு வயது 81. அவர் செய்த மினி அப்போதும் தொழிற்சாலையில் இருந்து வெளியே வந்து கொண்டுதான் இருந்தது. கடைசி மினி 2000-ம் ஆண்டு அக்டோபரில் வந்தது. அதற்குள் 53 லட்சத்துக்கு மேல் ஆகி இருந்தன.