ஏழு ஷில்லிங் கூலியும் ஓர் அறுவடை இயந்திரமும்

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகருக்கு மேற்கே சன்ஷைன் என்று ஓர் ஊர் இருக்கிறது. சாதாரணமாக ஊரின் பெயரை இயந்திரத்துக்கு வைப்பார்கள். இங்கே இயந்திரத்தின் பெயர் ஊருக்கு வந்துவிட்டது. அந்த இயந்திரத்தைச் செய்து விற்றவர் ஹியூ விக்டர் மக்கே.

1865 ஆகஸ்டு 21-ந் தேதி விக்டோரியா மாநிலத்தில் ரேவுட் என்ற சிற்றூரில் மக்கே பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் ஐந்தாமவர். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். டிரம்மார்ட்டின் என்ற இடத்தில் குடும்பத்துக்கு நிலம் இருந்தது, மண்ணில்தான் வளர்ந்தார்.

அந்தக் காலத்தில் அங்கே கோதுமை அறுவடை இரண்டு வேலையாக நடந்தது. குதிரை இழுக்கும் ஒரு வண்டி சீப்புப் போன்ற பற்களால் கதிரை மட்டும் உருவி எடுக்கும். தாள் வயலிலேயே நிற்கும். உருவிய மணியும் பதரும் கலந்து குவியலாகக் கிடக்கும். பிறகு கையால் சுற்றும் தூற்று இயந்திரத்தில் போட்டுப் பிரிக்க வேண்டும். கடும் வெயிலில் தூசியை விழுங்கியபடி நாள் கணக்கில் சுற்ற வேண்டும். களத்தில் முறம் பிடித்தவர்களுக்கு அந்த அலுப்பு தெரியும். கூலியாள் வைக்கச் சக்தியில்லாத சிறு விவசாயிக்கு இது குடும்பத்தின் முதுகை ஒடிக்கும் வேலை.

இரண்டு வேலையையும் ஒரே வண்டி செய்தால் என்ன? மக்கே தம் தந்தையையும் சகோதரர் ஜானையும் சேர்த்துக்கொண்டு, பண்ணையிலிருந்த பட்டறையில், பழைய இயந்திரங்களின் உதிரிகளைக் கொண்டே ஒன்றைப் பூட்டினார். குதிரைகள் இழுக்க, தரையில் உருளும் சக்கரத்தின் சுழற்சியே உள்ளே இருந்த விசிறியையும் சல்லடையையும் ஆட்டியது. 1884-ல் அதை வயலில் ஓட்டிப் பார்த்தபோது அவருக்கு வயது 18. மறு வருஷம் காப்புரிமை பெற்றார். இந்த வகை இயந்திரத்தை முதலில் செய்தவர் இவர்தானா என்றால், அப்படிச் சொல்வதற்கில்லை. அதே சமயத்தில் ஜேம்ஸ் மோரோ என்பவரும் அதே மாநிலத்தில் ஒன்றைச் செய்திருந்தார். ஆனால் விற்கத் தெரிந்தவர் மக்கே.

விற்பனையிலும் ஒரு பெரிய சறுக்கல் உண்டு. 1890-களின் தொடக்கத்தில் அந்நாட்டில் வங்கிகள் கவிழ்ந்தன. மக்கேயின் கம்பெனியும் மூழ்கியது. மனிதர் மீண்டும் எழுந்து, திருத்திய இயந்திரத்துக்கு சன்ஷைன் என்று பெயரிட்டு, பல்லாரட் நகரில் தொழிலை நடத்தினார். அர்ஜென்டினா வரைக்கும் கப்பலில் அனுப்பினார். 1906-ல் தொழிற்சாலையை மெல்போர்னை அடுத்த பிரேபுரூக் ஜங்ஷனுக்கு மாற்றினார். ரயிலும் துறைமுகமும் பக்கம். கூலி நிர்ணயக் குழுக்களின் கையும் அங்கே எட்டவில்லை. 1907-ல் அந்த ஊரே சன்ஷைன் ஆயிற்று.

அதே 1907-ல் வந்தது வழக்கு. நியாயமான கூலி கொடுக்கும் முதலாளிக்கு மட்டும் கலால் வரி விலக்கு என்று மத்திய அரசு சட்டம் செய்திருந்தது. விலக்குக் கேட்டு மக்கே மனுப் போட்டார். விசாரித்தவர் நீதிபதி ஹிக்கின்ஸ். முதலாளியின் லாபக் கணக்கை அவர் அளவுகோலாக வைக்கவில்லை. தொழிலாளிகளின் மனைவியரைக் கூப்பிட்டு வாடகை, ரொட்டி, இறைச்சி, விறகு என்று வீட்டுச் செலவைக் கேட்டார். மாதக் கடைசியில் சம்பளத்தை எண்ணிப் பார்க்கும் எந்தக் குடும்பமும் அறிந்த கணக்குத்தான் அது. மனைவி மக்களோடு ஐந்து பேர் கொண்ட குடும்பம் கௌரவமாக வாழ, தேர்ச்சி பெறாத தொழிலாளிக்கும் நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங், வாரத்துக்கு 42 ஷில்லிங் வேண்டும் என்று நவம்பர் 8-ந் தேதி தீர்ப்பானது. மக்கே கொடுத்து வந்தது ஆறு ஷில்லிங். விலக்கு மறுக்கப்பட்டது.

மக்கே விடவில்லை. 1908-ல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்று சொல்லிவிட்டது. 1911-ல் சன்ஷைன் தொழிலாளிகள் பதின்மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். இதே மனிதர்தான் ஆட்களுக்கு வீட்டுமனை பிரித்து, பூங்கா அமைத்து, ஊரைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர். தாமாகக் கொடுப்பதில் அவருக்குத் தயக்கமில்லை. இவ்வளவு கொடு என்று இன்னொருவர் சொல்வதைத்தான் அவர் பொறுக்கவில்லை. குடும்பத்தோடு பட்டினி கிடந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் பட்டிருக்காது.

தொழிலில் அவர் கண் கூர்மையானது. ஹென்டி என்ற ஊரின் விவசாயி ஹெட்லி டெய்லர், காற்று மழையில் சாய்ந்த கதிரையும் தூக்கி அறுக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். 1916-ல் மக்கே அதன் உரிமையை வாங்கி, டெய்லரையே மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டார்.

மக்கே 1926 மே 21-ந் தேதி, 60-வது வயதில் காலமானார். நான்கு வருஷம் கழித்து அவர் கம்பெனி கனடாவின் மாஸி ஹாரிஸுடன் சேர்ந்தது. சட்டம் செல்லாமல் போனாலும் ஏழு ஷில்லிங் கணக்கு போகவில்லை. ஹிக்கின்ஸ் அதையே அடுத்தடுத்த வழக்குகளில் வைத்துத் தீர்ப்புச் சொன்னார். அதிலிருந்து வளர்ந்த அடிப்படைக் கூலி முறை ஆஸ்திரேலியாவில் 1967 வரை நடந்தது. அந்தத் தீர்ப்பை இன்றும் அங்கே ஹார்வெஸ்டர் தீர்ப்பு என்றுதான் சொல்கிறார்கள்.