ஒரே ஒரு வீடு இருந்த தீவு: இப்னு பதூதாவின் நிறைவேறாத ஆசை

இப்னு பதூதா என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் படித்த மொராக்கோ பயணி நினைவுக்கு வருவார். முகம்மது பின் துக்ளக்கின் தில்லியில் காஜியாக இருந்தவர், பயண நூல் தந்தவர் என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிய இந்த மனிதர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது ஓரிடத்தில் இறைவனை நினைத்து ஒதுங்கிவிட வேண்டும் என்று உள்ளூர ஏங்கியவரும்கூட. அந்த ஏக்கம் அவர் வாழ்வில் பலமுறை தலைகாட்டுகிறது. அது மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம், மாலத்தீவுகளில் ஒரு சின்னஞ்சிறு தீவு.

ஹிஜ்ரி 703, ரஜப் மாதம் (கி.பி. 1304) தான்ஜியர் நகரில், காஜிகளைத் தந்த குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1325 ஜூன் மாதம், 21 வயதில், ஹஜ் கடமையை நிறைவேற்றப் பெற்றோரைப் பிரிந்து புறப்பட்டார். பேச்சுத் துணைக்கு ஒரு தோழர் இல்லை, சேர்ந்து செல்ல ஒரு வணிகக் கூட்டமும் இல்லை. துனிஸ் நகரை அடைந்தபோது உடன் வந்தவர்களை வரவேற்க உறவும் நட்பும் திரண்டு வந்தன. அவருக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை. தாங்க முடியாமல் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஒரு ஹாஜி அருகில் வந்து ஆறுதலாகப் பேசினார். பிற்காலத்தில் எத்தனையோ அரசவைகளில் பரிசு பெற்றவர், இந்தச் சிறு சம்பவத்தை மறக்காமல் தம் நூலில் சேர்த்திருக்கிறார்.

மக்கா, ஈராக், கிழக்கு ஆப்பிரிக்கா, அனத்தோலியா, மத்திய ஆசியா என்று சுற்றிவிட்டு இந்தியா வந்தார். தில்லியில் காஜி பதவியும் ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளமும் கிடைத்தன. கைநிறையச் செலவு செய்தார், கடனிலும் மூழ்கினார். இந்தப் பகட்டுக்கு நடுவில்தான் அந்த அடி விழுந்தது. சுல்தானைக் கொடுங்கோலன் என்று முகத்துக்கு நேரே சொன்ன ஷைகு ஷிஹாபுத்தீன் என்ற பெரியவர் கொல்லப்பட்டார். அவரை ஒருமுறை போய்ப் பார்த்திருந்த குற்றத்துக்காக இப்னு பதூதாவையும் காவலில் வைத்தார்கள். அப்படிக் காவலில் வைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் உயிரோடு மீள்வதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஐந்து நாட்கள் வெறும் தண்ணீரோடு தொடர்நோன்பு இருந்தார். தினமும் குர்ஆனை ஓதி முடித்தார். அல்லாஹ்வே போதுமானவன் என்ற திக்ரை ஒரே நாளில் 33,000 முறை ஓதினார். அல்லாஹ் அவரைக் காப்பாற்றினான்.

விடுதலையானதும் தம்மிடம் இருந்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, குகையில் வாழ்ந்த கமாலுத்தீன் அப்துல்லாஹ் என்ற துறவியிடம் போய்ச் சேர்ந்தார். பஞ்சு வைத்துத் தைத்த நீல நிற அங்கி ஒன்றுதான் உடை. அங்கே சுமார் ஐந்து மாதம் இருந்தார். பிறகு சுல்தானிடமிருந்து அழைப்பு வந்தது. சீனாவுக்குத் தூதராகப் போக வேண்டும் என்றார்கள். பயணம் என்றால் அவருக்கு உயிர் என்பது சுல்தானுக்கும் தெரிந்திருந்தது. நீல அங்கியைக் கழற்றி அரச உடையை அணிந்துகொண்டார். அப்போது தம்மைத் தாமே கடிந்துகொண்டார் என்றும், அதன் பிறகு எப்போது அந்த அங்கியைப் பார்த்தாலும் உள்ளத்தில் ஓர் ஒளியை உணர்ந்தார் என்றும் சொல்கிறார். அந்த அங்கியை அவர் தூக்கிப் போடவில்லை. மீண்டும் அணிந்ததாகவும் சொல்லவில்லை.

சீனத் தூது கோழிக்கோட்டுக் கடற்கரையிலேயே முடிந்துபோனது. ஜும்ஆ தொழுகைக்காக அவர் கரையில் தங்கிய வேளையில் புயல் வந்தது. சுல்தானின் பரிசுப் பொருட்களை ஏற்றிய பெரிய மரக்கலம் உடைந்து, அதில் இருந்தவர்கள் மாண்டனர். அவருடைய உடைமைகள் இருந்த இன்னொரு கலம் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. பணமாகக் கையில் மிஞ்சியது பத்து தீனார். எதை இழந்தார் என்பதைவிட, தில்லிக்குத் திரும்பி சுல்தான் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே பெரிய கவலை. மலபார்க் கரையில் கொஞ்ச காலம் அலைந்துவிட்டு மாலத்தீவுக்குக் கப்பலேறினார். பத்து நாள் கடற்பயணம்.

அப்போது மாலத்தீவை ஆண்டவர் ஒரு பெண், சுல்தானா கதீஜா. நிர்வாகம் அவருடைய கணவரான வஸீர் ஜமாலுத்தீன் கையில் இருந்தது. வெறுங்காலோடு நடக்கும், அடிக்கடி குளிக்கும், சண்டையை விரும்பாத, தொழுகையைப் பேணும் மக்களை அங்கே கண்டார். மீனும் தேங்காயுமே உணவு. மீனை அவித்துப் புகையில் உலர்த்தி வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். நம் கடலோர வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசிதான் அது. தென்னங்கயிறும் சோழியும் மற்ற ஏற்றுமதிப் பொருட்கள். ஒரு பொன் தீனாருக்கு நான்கு லட்சம் சோழி என்று கணக்குச் சொல்கிறார்.

அந்தத் தீவுகள் இஸ்லாத்தைத் தழுவிய கதையும் அவருக்குப் பிடித்திருந்தது. அபுல் பரக்காத் என்ற மக்ரிப் நாட்டு ஹாஃபிழ், தனியாளாக வந்து இறங்கியவர். கடலிலிருந்து மாதந்தோறும் வரும் ஒரு தீய சக்திக்குக் கன்னிப்பெண்ணைப் பலி தரும் வழக்கம் அங்கே இருந்ததாம். பலிக்குக் குறிக்கப்பட்ட பெண்ணுக்குப் பதிலாக அவர் போய் உட்கார்ந்து விடிய விடியக் குர்ஆன் ஓதினார், தீய சக்தி விலகியது, மன்னரும் மக்களும் கலிமா சொன்னார்கள் என்பது அவர் கேட்ட செய்தி. வந்தவர் மக்ரிப் நாட்டவர் அல்ல, தப்ரீஸ் நகரத்தவர் என்று சொல்வோரும் உண்டு. எப்படியிருந்தாலும், தம் மண்ணைச் சேர்ந்த ஒரு தனி மனிதர் குர்ஆனை மட்டும் துணையாகக் கொண்டு ஒரு நாட்டையே மாற்றினார் என்ற செய்தி இப்னு பதூதாவை ஆழமாகத் தொட்டிருக்கிறது.

ஆனால் அவரே அப்படி வாழ்ந்தாரா? இல்லை. தாம் தில்லியின் காஜி என்பதை மறைக்கத்தான் முதலில் முயன்றார், தெரிந்தால் விடமாட்டார்கள் என்று. தெரிந்துவிட்டது, விடவும் இல்லை. காஜி பதவி வந்தது. நான்கு திருமணங்கள், பல்லக்கு, அடிமைகள் எல்லாம் வந்தன. ஜும்ஆவுக்கு வராதவர்களுக்குக் கசையடி கொடுத்தார். இமாம்களுக்கும் மோதினார்களுக்கும் சம்பளம் ஏற்படுத்தினார். விவாகரத்தான பெண் மறுமணம் ஆகும்வரை முன்னாள் கணவன் வீட்டிலேயே இருக்கும் வழக்கத்தை நிறுத்தினார். திருடன் ஒருவனின் கையை வெட்டத் தீர்ப்பளித்தபோது அவையில் இருந்தவர்களில் சிலர் மயங்கி விழுந்துவிட்டார்கள். அந்த மென்மையான மக்களிடம் அவ்வளவு கடுமை தேவைப்பட்டதா என்ற கேள்வி படிக்கும் நமக்கு எழத்தான் செய்கிறது. அவருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை.

சில மாதங்களில் வஸீரோடு மனக்கசப்பு முற்றியது. மதுரை சுல்தான் அவருக்கு மணவழி உறவு. அங்கிருந்து படை திரட்டி வந்துவிடுவாரோ என்ற சந்தேகமும் வஸீர் தரப்பில் இருந்தது. 1344இல் பதவியை உதறிவிட்டு மாலேயை விட்டுக் கிளம்பினார்.

தெற்கே தீவு தீவாகப் படகில் போகும் வழியில்தான் அந்தச் சின்னத் தீவு வந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு வீடு. அதில் ஒரு நெசவாளி, அவர் மனைவி, மக்கள். சில தென்னை மரங்கள், சில வாழைகள். மீன் பிடிக்கவும் வேண்டிய தீவுக்குப் போய்வரவும் ஒரு சிறு படகு. நிலத்துப் பறவைகள் என்று பார்த்தால் இரண்டே இரண்டு காகங்கள். படகு நெருங்கியதும் அவை பறந்து வந்து மேலே வட்டமடித்தன.

இவ்வளவுதான் அவர் கண்டது. ஆனால் அந்த நெசவாளியின் மீது தாம் பொறாமை கொண்டதாக இறைவன் மீது ஆணையிட்டுச் சொல்கிறார். அந்தத் தீவு தமக்குச் சொந்தமாக இருந்திருந்தால், உலகை விட்டு ஒதுங்கி, மவுத் வரும்வரை அங்கேயே இருந்துவிடலாமே என்று ஆசைப்பட்டார். தில்லி, கான்ஸ்டான்டிநோபிள் போன்ற மாநகரங்களைப் பார்த்த கண்கள் அவை. அந்த நகரங்களில் எதையும் பார்த்து அவர் இப்படிச் சொன்னதில்லை.

ஆயினும் படகு நிற்கவில்லை. முலூக் என்ற தீவில் எழுபது நாள் தங்கினார், அங்கும் இரண்டு திருமணங்கள்! பிறகு தமிழகக் கரையை நோக்கிக் கிளம்பிய கப்பலைக் காற்று இலங்கைக்குத் தள்ளிக்கொண்டு போனது. புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி மன்னர் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாகச் சொல்லப்படும் மலையைப் பார்க்க வேண்டும் என்ற ஒன்றைத்தான் கேட்டார். பல்லக்கும், வழிகாட்டிகளாக யோகிகளும் பிராமணர்களும், சுமை தூக்க ஆட்களும் தந்து அனுப்பினார் மன்னர். நம்மவர்கள் பாவா ஆதம் மலை என்று அழைக்கும் 2,243 மீட்டர் உயர மலை அது. அட்டைகள் நிறைந்த காட்டுவழி, பாறையில் அடித்த இரும்புச் சங்கிலிகள். பத்தாவது சங்கிலிக்குப் பெயரே கலிமாச் சங்கிலி. அங்கிருந்து கீழே பார்ப்பவர்கள் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் ஷஹாதத் கலிமா சொல்லிவிடுவார்களாம்.

பின்னர் மதுரை, அங்கே கொள்ளைநோய், கடும் காய்ச்சல். புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்தார். மலபார்க் கடலில் பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்து, கால்சட்டை ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பறித்துக்கொண்டன. இலங்கையில் கிடைத்த முத்துக்களும் மணிகளும் போயின. அந்த நீல அங்கியையும் கடலில் இப்படிக் கொள்ளையர்களிடம்தான் இழந்தார். அரைநிர்வாணமாகக் கோழிக்கோட்டுப் பள்ளிவாசலுக்குள் வந்தவருக்கு ஓர் ஆலிம் சட்டையும், காஜி தலைப்பாகையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அங்கேதான் மாலத்தீவில் தாம் கர்ப்பிணியாக விட்டுவந்த மனைவிக்கு மகன் பிறந்திருக்கும் செய்தி கிடைத்தது. பிள்ளைக்கு இரண்டு வயது. மறுபடியும் பத்து நாள் கடல்வழி. தாய் வஸீரிடம் முறையிட்டாள். ஆனால் தந்தை பிள்ளையைக் கொண்டுபோனால் தடுக்கமாட்டேன் என்று வஸீர் சொல்லிவிட்டார். மகனைக் கண்ணால் பார்த்தபின், அவன் அவர்களோடு இருப்பதே நல்லது என்று எண்ணித் தாயிடமே ஒப்படைத்துவிட்டார். ஐந்து நாள் தங்கினார். பிறகு வங்காளத்துக்குக் கப்பலேறினார், அங்கிருந்து சுமத்ரா, சீனா. அந்த மகனைப் பற்றி அதற்குப் பிறகு அவர் நூலில் ஒரு சொல்லும் இல்லை.

தாயகம் திரும்பும் வழியில், திமிஷ்கில், தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அறிந்தார். தான்ஜியரை அவர் நெருங்கும்போது தாயும் கொள்ளைநோயில் இறந்திருந்தார். கடைசியாக மொராக்கோவில் ஏதோ ஓர் ஊரின் காஜியாகவே 1368 அல்லது 1369இல் மறைந்தார்.

1355இல் ஃபெஸ் நகரில் இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளரிடம் தம் பயணங்களைச் சொல்லி முடித்தார். எழுதி வைத்திருந்த குறிப்புகள் பல கடற்கொள்ளையில் போய்விட்டன. பெரும்பாலும் நினைவிலிருந்தே சொன்னார். சில இடங்களின் வரிசை குழம்புகிறது, சில ஆண்டுகள் பொருந்தவில்லை. ஆனால் பதினொரு ஆண்டுகளுக்கு முன் படகில் கடந்துபோன அந்தத் தீவில் வாழைமரம் இருந்ததும், காகங்கள் இரண்டுதான் என்பதும், அவை தலைக்கு மேல் சுற்றியதும் அவருக்கு நினைவிருந்தது.