உடம்பின் சமநிலையைத் தேடிய டாக்டர் மேக்ஸ் கெர்சன்

தோட்டத்துத் தோழர்களே, உடம்பில் ஏதோ ஒன்று கூடிப்போச்சு, ஏதோ ஒன்று குறைஞ்சு போச்சு, அதைச் சரிக்கட்டினால் நோய் தானாக ஓடிவிடும் என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. வாதம், பித்தம், கபம் என்று நம் பெரியவர்கள் போட்ட கணக்கும் அதுதானே. அதே கணக்கை வேறு விதமாகப் போட்டவர் ஜெர்மன் டாக்டர் மேக்ஸ் கெர்சன். புற்றுநோய்க்குச் சாறு வைத்தியம் என்று பேச்சு வந்தாலே அவர் பெயரும் கூடவே வரும். ஆகவே அவர் வரலாற்றை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

கெர்சன் 1881-ஆம் ஆண்டு வோங்ரோவிட்ஸ் என்ற ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று ஜெர்மனியில் இருந்த அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. முறையாக மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர் அவர். போலி வைத்தியர் அல்ல. இளம் வயதிலேயே ஒற்றைத் தலைவலி அவரைப் பாடாய்ப் படுத்தியது. சாப்பாட்டை மாற்றி மாற்றிப் பார்த்தார். உப்பை விட்டுப் பழமும் காய்கறியும் சாப்பிட்டபோது வலி குறைந்ததாகக் கண்டார். தன் நோயாளிகளுக்கும் அதையே சொன்னார்.

பிறகு தோலில் வரும் காசநோய்க்கும் உப்பில்லாச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். மியூனிக் நகரில் பேர்பெற்ற அறுவை மருத்துவர் சாவர்புரூக் அதை எடுத்துச் சோதித்தார். அதனால் கெர்சனின் பெயர் பரவியது. ஆப்பிரிக்காவில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ஆல்பர்ட் சுவைட்சரின் மனைவியும் கெர்சனிடம் சிகிச்சை பெற்றார். சுவைட்சர் கடைசிவரை அவருக்கு நண்பராக இருந்தார்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதரான கெர்சன் நாட்டை விட்டு வெளியேறினார். வியன்னா, பாரிஸ் என்று அலைந்து 1936-ல் நியூயார்க் சேர்ந்தார். அங்கே புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பதில் இறங்கினார்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். உடம்பில் சோடியம், அதாவது உப்புச் சத்து, கூடிவிட்டது; பொட்டாசியம் குறைந்துவிட்டது; கல்லீரல் நஞ்சைக் கழிக்க முடியாமல் தளர்ந்துவிட்டது; அதனால்தான் புற்று வருகிறது. செயற்கை உரமும் மருந்துத் தெளிப்பும் மண்ணைக் கெடுத்து, அந்த மண்ணில் விளைந்த சாப்பாடு மனிதனையும் கெடுக்கிறது என்றும் சொன்னார். உரம் போட்டு, களைக்கொல்லி அடித்துக் கை வெந்த நமக்கு இந்தப் பேச்சு நியாயமாகத்தான் படும். ஆனால் நியாயமாகப் படுவது வேறு, நோயைக் குணப்படுத்துவது வேறு.

அவர் கொடுத்த சிகிச்சை மணிக்கு ஒரு குவளைச் சாறு, உப்பும் கொழுப்பும் இல்லாச் சாப்பாடு, பொட்டாசிய மருந்து, கன்றின் பச்சை ஈரல் சாறு, அத்தோடு காப்பித் தண்ணீரில் எனிமா. 1946-ல் அமெரிக்க செனட் குழு முன்னால் தன் நோயாளிகள் சிலரையே கொண்டுபோய் நிறுத்தினார். 1947-ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகம் அவர் கொடுத்த 10 பேரின் விவரங்களைப் பார்த்தது. 1958-ல் அவர் எழுதிய புத்தகத்தில் இருந்த 50 பேரின் விவரங்களையும் பிறகு பார்த்தது. இந்தச் சிகிச்சையால் பலன் கிடைத்தது என்பதற்கு அத்தாட்சி இல்லை என்பதே முடிவு. வேறு சிகிச்சையும் சேர்த்துச் செய்துகொண்டவர் பிழைத்தால், பிழைக்க வைத்தது எது என்று எப்படிச் சொல்வது? 1959 மார்ச் மாதம் கெர்சன் காலமானார்.

அவரோடு அந்த வைத்தியம் போய்விடவில்லை. அவர் மகள் 1977-ல் ஒரு கழகம் தொடங்கினார்; மெக்சிகோவில் மருத்துவமனையும் நடந்தது. காப்பி எனிமாவால் உடம்பின் உப்புச் சத்துகள் நிலைகுலைந்து இரண்டு பேர் இறந்ததாக 1980-ல் மருத்துவ ஏடு ஒன்றில் செய்தி வந்தது. சமநிலை தேடிய வைத்தியமே சமநிலையைக் கெடுத்த கதை இது. பச்சை ஈரல் சாறு குடித்தவர்களுக்கு இரத்தத்தில் கிருமி ஏறியதும் உண்டு.

கெர்சன் சொன்னதில் நல்லது இல்லாமல் இல்லை. உப்பைக் குறைத்தால் இரத்த அழுத்தத்துக்கு நல்லது. காய்கறி எல்லோருக்கும் நல்லது. ஆனால் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அளவாக வைத்திருப்பது நம்முடைய சிறுநீரகம். இனிப்புநீரால் சிறுநீரகம் பழுதானவர் குவளை குவளையாகச் சாறு குடித்தால் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம். காசநோயைக் குணப்படுத்தியதும் சாப்பாடு அல்ல; 1943 முதல் கண்டுபிடித்த மருந்துகள்தான்.

நம்ம ஆட்கள் ஆஸ்பத்திரியை விட்டுச் சாறு வைத்தியத்துக்கு ஓடுவது அறியாமையால் மட்டுமல்ல. அறுவைக்குப் பயம், பேரு விழாமல் போனால் சம்பளம் போச்சே என்ற பயம், டாக்டர் பேசுவது புரியாத சங்கடம் எல்லாம் சேர்ந்துதான். மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிவந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அது தர்மம் அல்ல, நம் உரிமை. மார்பிலோ கழுத்திலோ கட்டி தெரிந்தால், காரணமில்லாமல் இரத்தம் போனால், அந்த வாரமே போய்க் காட்டுங்கள். டாக்டர் பேச்சு புரியாவிட்டால் தோட்டக் கமிட்டித் தலைவரைக் கூட்டிப் போங்கள். சாறு குடிக்க ஆசை இருந்தால் அதையும் டாக்டரிடமே கேட்டுக்கொண்டு குடியுங்கள்.